மே கடைசியில் அப்பா அம்மாவுக்குப் பனி காட்ட வேண்டும்: நொய்டாவிலிருந்து காரில் எங்கே போகலாம்?

நெல்லைப்பெண்:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் இருப்பது நொய்டாவில், சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். மே மூன்றாவது வாரம் அப்பாவும் அம்மாவும் ரயிலில் வருகிறார்கள். அம்மா இதுவரை எங்களிடம் எதையும் கேட்டதில்லை. போன மாதம் போனில் பேசும்போது, "அங்கேருந்து பனிமலை பக்கம்தானாமே, ஒரு தடவை கையில எடுத்துப் பாத்திரணும்" என்றாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

ஜனவரி, பிப்ரவரியில் வந்தால் சிம்லாவிலேயே பனி பார்க்கலாம் என்று எனக்கும் தெரியும். ஆனால் பிசான அறுவடை முடிந்து, நெல்லைப் போட்டுவிட்டுத்தான் அப்பா ஊரை விட்டு நகர்வார். ஜூனில் பாபநாசம் அணை திறந்துவிட்டால் கார் பருவ நெல் சாகுபடிக்குத் திரும்பி ஓட வேண்டும். குழந்தைகளுக்கும் மே கடைசியில்தான் லீவு. ஆக எங்களுக்குக் கிடைப்பது மே கடைசி வாரம் மட்டும்தான்.

மொத்தம் ஆறு பேர். அப்பாவுக்கு 69 வயது, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். அம்மாவுக்கு 63, முட்டி வலி. அதிகம் நடக்க முடியாது, படி ஏறவே முடியாது. மகளுக்கு 11, மகனுக்கு 5. வண்டி பெட்ரோல் எர்டிகா. கணவர்தான் ஓட்டுவார். கொடைக்கானல், முசூரி எல்லாம் ஓட்டியிருக்கிறார். அதற்கு மேல் மலை அனுபவம் இல்லை.

விசாரித்தால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒரு டிராவல்ஸ்காரர் சிம்லா, குஃப்ரி பேக்கேஜில் "பனிக்கு கியாரண்டி" என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா எல்லாம் உருகிப் போயிருக்கும், வீண் செலவு என்கிறார். அலுவலகத்தில் ஒருவர் மணாலிக்கு மேலே உள்ள ரோதாங் கணவாய்க்குப் போங்கள் என்கிறார், இன்னொருவர் வயதானவர்களை அங்கே கூட்டிப்போகவே கூடாது என்கிறார். அம்மாவால் வண்டியிலிருந்து இறங்கி நாலு எட்டு வைத்துப் பனியைத் தொட முடிகிற இடம் எது? அப்பாவின் உடம்புக்கு அது தாங்குமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

*

யமுனைக்கரை:

முதலில் அந்த சிம்லா பேக்கேஜை விடுங்கள். மே மாதத்தில் சிம்லாவிலும் குஃப்ரியிலும் பனி கிடையாது. குஃப்ரியில் குதிரையில் ஏற்றி, புழுதி பறக்க ஒரு மேட்டுக்குக் கூட்டிப்போய், தூரத்தில் வெள்ளையாகத் தெரியும் மலையைக் காட்டுவார்கள். முட்டி வலிக்காரர் குதிரையில் ஏறுவதும் சரிவராது.

காரில்தான் போக வேண்டும் என்ற பிடிவாதம் இல்லையென்றால் குல்மார்க்கை யோசிக்கலாம். ஸ்ரீநகருக்கு விமானம், அங்கிருந்து டாக்ஸி. ரோப்காரில் இரண்டாம் கட்டம் ஏறினால் அபர்வட் மலையில் மேயிலும் பனி இருக்கும். ஆனால் மேலே போய் இறங்கும் இடம் 3,900 மீட்டருக்கு மேல். உங்கள் அப்பா விஷயத்தில் ரோதாங்குக்கு என்ன யோசனையோ அதே யோசனை அங்கேயும் உண்டு. ரோப்காரில் இருந்து நினைத்த நேரத்தில் இறங்கி வரவும் முடியாது, வரிசை இருக்கும். காரில் என்றால் மணாலிப் பக்கம்தான். அதைப் பற்றி சாரதி அண்ணா சொல்வார், அவருக்கு அந்த ரோடு அத்துப்படி.

*

மலைப்பாதை சாரதி:

தங்கச்சி, வணக்கம். நான் குடியாத்தம் பக்கத்துக்காரன். ராணுவத்தில் சரக்குப் போக்குவரத்தைப் பார்க்கும் ஏ.எஸ்.சி. பிரிவில் டிரைவராக இருந்தேன். மணாலி–லே பாதையில் கான்வாய் லாரி ஓட்டினேன். ஓய்வு பெற்றபின் சண்டிகரிலேயே தங்கிவிட்டேன். நம் ஊரிலிருந்து வருகிறவர்களை மலைக்கு அழைத்துப் போவதுதான் இப்போது வேலை. உங்கள் கேள்வியைப் படித்ததும் விவரமாக எழுதவேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மே கடைசியில் பனியை ஊர்ப் பெயர் வைத்துத் தேடினால் கிடைக்காது, உயரம் வைத்துத்தான் தேட வேண்டும். மணாலி ஏறக்குறைய 2,000 மீட்டர், அங்கே பகலில் ஸ்வெட்டரே தேவைப்படாது. சோலாங் 2,500 மீட்டர், ஏப்ரலோடு பனி முடிந்துவிடும், மேயில் அது பச்சைப் புல்வெளி. ரோதாங் கணவாய் 3,978 மீட்டர், அங்கே மே கடைசியில் பனி இருக்கும். டிசம்பரிலிருந்து மார்ச் வரை மேற்கிலிருந்து வரும் மழைமேகமெல்லாம் பீர்பஞ்சால் தொடரில் மோதி அங்கேதான் கொட்டுகிறது. பல ஆள் உயரத்துக்குச் சேர்ந்த பனியை எல்லைச் சாலைகள் அமைப்பு இயந்திரம் வைத்து வெட்டித்தான் பாதையைத் திறக்கிறார்கள். அதனால் ரோட்டின் ஓரத்தில் வெட்டிய பனி சுவர் போல நிற்கும். உங்கள் அம்மாவுக்கு வேண்டியது அதுதான். கதவைத் திறந்து இறங்கினால் எதிரே பனி. ஏறவும் வேண்டாம், நடக்கவும் வேண்டாம்.

அடுத்தது அப்பா. ரோதாங் உயரத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன், நம் ஊரில் கிடைப்பதில் ஐந்தில் மூன்று பங்குதான். அப்படியும் நான் ரோதாங்கையே சொல்கிறேன், ஏனென்றால் அது போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பும் இடம். மணாலியிலிருந்து 51 கிலோமீட்டர். யாருக்காவது முடியவில்லை என்றால் வண்டியைத் திருப்பினால் போதும், ஒவ்வொரு வளைவுக்கும் உயரம் குறைந்துகொண்டே வரும். இணையத்தில், லே போகும் வழியில் இருக்கும் பாரலாச்சா கணவாயின் பனிச்சுவர் படத்தைப் பார்த்துவிட்டு எல்லோரும் அதைக் கேட்கிறார்கள். உண்மையிலேயே அழகான இடம். ஆனால் அது 4,900 மீட்டர் கிட்ட. அங்கே ஒருவருக்கு முடியாமல் போனால் பல மணி நேரம் மோசமான ரோட்டில் இறங்கியும் 3,000 மீட்டருக்குக் கீழே வர முடியாது. ரத்த அழுத்தம் உள்ள பெரியவரையும் ஐந்து வயதுப் பிள்ளையையும் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போகவே போகாதீர்கள். யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இப்போது பயணம். நொய்டா–மணாலி 550 கிலோமீட்டர் அளவில் வரும். ஒரே நாளில் ஓட்டுகிறவர்கள் உண்டு. பெரியவர்களோடு அது வேண்டாம். விடியற்காலை கிளம்பி, கீரத்பூரில் நான்குவழிச் சாலை பிடித்து, சுந்தர்நகரிலோ மண்டியிலோ இரவு தங்குங்கள். கீரத்பூர் தாண்டி இப்போது சுரங்கம் சுரங்கமாக ரோடு போட்டிருக்கிறார்கள், பிலாஸ்பூர் வளைவுகளில் வாந்தி எடுத்த காலம் போய்விட்டது. பண்டோவுக்கு அப்புறம் பியாஸ் ஆற்றை ஒட்டிய பகுதியில்தான் கவனம். 2023 ஜூலை வெள்ளத்தில் அந்த ரோடு நிறைய இடங்களில் அடித்துப் போனது. வேலை நடக்கும் இடத்தில் நிறுத்தி நிறுத்தித்தான் விடுவார்கள். அதையும் கணக்கில் வைத்துக்கொண்டால் மறுநாள் மதியம் மணாலி.

மணாலிக்கு வந்த மறுநாளே மேலே ஏறாதீர்கள். ஒரு நாள் சும்மா இருங்கள். ஹிடிம்பா கோயிலுக்குப் போங்கள். நம் பீமனின் மனைவி இடும்பிக்குக் கட்டிய மரக்கோயில், 1553ல் கட்டியது, சுற்றிலும் தேவதாரு மரங்கள். உங்கள் அம்மாவுக்கு மிகவும் பிடிக்கும். வசிஷ்டில் வெந்நீர் ஊற்று இருக்கிறது, முட்டி வலிக்கு அதில் காலை வைத்தால் சுகமாக இருக்கும்.

ரோதாங்குக்கு பெர்மிட் வேண்டும். குலு மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தில் எடுக்க வேண்டும். பசுமைத் தீர்ப்பாயம் சொன்னபடி ஒரு நாளைக்கு 1,200 வண்டிகளுக்குத்தான் அனுமதி, 800 பெட்ரோல், 400 டீசல். மே, ஜூனில் அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே தீர்ந்துபோகும். செவ்வாய்க்கிழமை ரோடு பராமரிப்புக்காகச் சுற்றுலா வண்டிகளை விடுவதில்லை. இது தெரியாமல் செவ்வாயன்று வந்து மலையடிவாரத்தில் நின்றுவிட்டுத் திரும்புகிற குடும்பங்களை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

அந்த ஒரு நாள் மட்டும் உங்கள் எர்டிகாவை ஹோட்டலில் நிறுத்திவிட்டு மணாலி லோக்கல் டாக்ஸி எடுங்கள் என்பது என் யோசனை. காரணம் சொல்கிறேன். ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய பத்து சதவீதம் எஞ்சினின் இழுவை குறையும். டர்போ இல்லாத பெட்ரோல் வண்டி, ஆறு பேர், மேலே கொண்டை ஊசி வளைவு, முன்னால் ஒரு வண்டி நின்றுவிட்டது. அப்போது ஏற்றத்தில் அரை கிளட்சில் நின்று எடுக்கத் தெரியாவிட்டால் கிளட்ச் கருகும். வெளியூர் வண்டிகள் போனெட்டைத் தூக்கிவைத்துக்கொண்டு ஓரமாக நிற்பதை, ரோதாங் வழியில் வரும் மடி (Marhi) என்ற இடத்தின் ஏற்றத்தில் தினமும் பார்க்கலாம். உங்கள் வீட்டுக்காரர் நன்றாக ஓட்டக்கூடியவராகத்தான் இருப்பார், ஆனால் அன்றைக்கு அவரும் மாமனார் மாமியாரோடு பனியைப் பார்க்கட்டும். லோக்கல் டிரைவர்களே பெர்மிட்டும் எடுத்துக்கொடுப்பார்கள். சொந்த வண்டியில்தான் போவது என்று முடிவு செய்தால், ஏ.சி.யை அணைத்துவிடுங்கள். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை மிதித்தே இறங்கினால் மடி வருவதற்குள் தீய்ந்த வாடை வரும்.

காலை ஐந்து மணிக்குக் கிளம்புங்கள். அதற்கும் முன்னால் வேண்டாம். பகலில் உருகி ஓடிய தண்ணீர் விடியற்காலையில் ரோட்டில் கண்ணாடி போல உறைந்திருக்கும், கண்ணுக்கே தெரியாது. வெயில் பட்டபின் மேலே போய்ச் சேருவதுதான் நல்லது. ஏழரை, எட்டுக்கு மேலே இருந்தால் கூட்டம் வருவதற்குள் பார்த்துவிட்டு இறங்கிவிடலாம். பதினோரு மணிக்கு மேல் ஏறினால் பாதி நாள் டிராஃபிக்கில் போகும். மதியத்துக்கு மேல் பனி உருகிச் சுவரிலிருந்து கல்லும் விழும்.

இனி கவனமாகப் படியுங்கள். மே மாதப் பனி படத்தில் பார்க்கிற பஞ்சுப் பனி இல்லை. பகலில் உருகி, இரவில் உறைந்து, திரும்பத் திரும்ப அப்படியே ஆகி, கல்லுப்பு மாதிரி பரல் பரலாக இருக்கும். மேலே புழுதி படிந்து சாம்பல் நிறமாக இருக்கும். அம்மா அதைப் பார்த்து முகம் வாடினால், கையால் ஒரு சாண் தோண்டச் சொல்லுங்கள். உள்ளே வெள்ளை வெளேரென்று, கொஞ்சம் நீலம் கலந்த மாதிரி இருக்கும். உள்ளங்கையில் வைத்து அழுத்தினால் உருண்டையாகும். குழந்தைகள் அதில்தான் சுகம் காண்பார்கள்.

சுவருக்கு நேர் கீழே நிற்கக் கூடாது. மேல்பகுதி முன்னால் நீட்டிக்கொண்டிருந்தால் கிட்டவே போகாதீர்கள். இன்னொன்று, ஓடையின் மேல் பாலம் போலப் பனி மூடியிருக்கும். பார்க்கத் தரை போல கெட்டியாகத் தெரியும். இந்தப் பருவத்தில் கீழே தண்ணீர் ஓடி ஓடி உள்ளே குடைந்திருக்கும், மேலே ஒரு முழம்தான் மிச்சமிருக்கும். உங்கள் மகன் ஓடிப்போய் ஏறிவிடுவான். கீழே எங்கேயாவது தண்ணீர் சத்தம் கேட்டால் அந்தப் பனியில் கால் வைக்கவே கூடாது. குழந்தையின் கையைப் பெரியவர் ஒருவர் பிடித்தபடியே இருக்க வேண்டும். இதை நான் வண்டியில் ஏற்றுகிற எல்லாரிடமும் இரண்டு தடவை சொல்வேன்.

துணிமணி: பல்ச்சான், கோட்டி வழியாகப் போகும்போது ரோட்டோரம் வரிசையாக எண் போட்ட கடைகளில் கோட்டும் கம்பூட்டும் வாடகைக்குக் கிடைக்கும். பேரம் பேசித்தான் எடுக்க வேண்டும், வாங்கும் முன் ஜிப் வேலை செய்கிறதா என்று பாருங்கள். அம்மா சேலையில்தான் வருவார் என்றால் உள்ளே கம்பளி லெக்கிங்ஸ் போட்டு, சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக் கட்டச் சொல்லுங்கள். கொசுவம் பனியில் புரண்டு நனைந்துவிட்டால் கால் விறைத்துப்போகும். குழந்தைகளுக்குக் கம்பளிக் கையுறை மட்டும் போட்டால் பனியைத் தொட்ட உடனே நனைந்துவிடும். அதற்கு மேலே பாத்திரம் தேய்க்கிற ரப்பர் கையுறையைப் போட்டுவிடுங்கள், எவ்வளவு நேரமும் விளையாடும். எல்லோருக்கும் கூலிங் கிளாஸ் கட்டாயம். வெயிலைப் பனி அப்படியே கண்ணுக்குத் திருப்பி அடிக்கும். மாலையில் கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தும்.

ரோதாங் பாதை எப்போது திறக்கும் என்பது ஒவ்வொரு வருஷமும் பனியைப் பொறுத்தது. மே தொடக்கத்திலும் திறந்ததுண்டு, ஜூன் வரை போனதும் உண்டு. கிளம்பும் முன் என்னைக் கேளுங்கள். அன்றைக்கு வானிலை சரியில்லை என்றாலும் கவலைப்பட வேண்டாம். அடல் சுரங்கம் இருக்கிறது. 2020 அக்டோபரில் திறந்தது, 9.02 கிலோமீட்டர். அதற்கு ரோதாங் பெர்மிட் வேண்டாம். அந்தப் பக்கம் வெளியே வந்தால் லாஹவுல் பள்ளத்தாக்கு. காற்றே மாறியிருக்கும். சிஸ்ஸு, கோக்சர் எல்லாம் 3,100 மீட்டர் அளவுதான். பனிச்சரிவு வந்து விழுந்த ஓடைகளில் ரோட்டுக்குக் கிட்டேயே அழுக்குப் பனி மே கடைசிவரை கிடப்பதை அநேக வருஷங்களில் பார்த்திருக்கிறேன். அதுவும் பனிதான், அம்மா கையில் எடுக்கலாம்.

*

நெல்லைப்பெண்:

அண்ணா, படித்து முடித்ததும் உங்கள் பதிலைக் கணவருக்கும் அப்பாவுக்கும் போனில் வாசித்துக் காட்டினேன். அப்பா, "லாரி ஓட்டின ஆளு சொல்றாரு, அது சரியாத்தான் இருக்கும்" என்றார். கணவர் டாக்ஸிக்கு உடனே ஒத்துக்கொண்டார்.

அப்பாவைப் பற்றித்தான் இன்னும் பயம். அவர் எதையும் வெளியில் சொல்லமாட்டார். தலை வலித்தாலும் "ஒண்ணுமில்ல" என்பார். மூச்சு வாங்குகிறதா என்று நாங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது? உயரத்தால் வரும் உபாதையைத் தடுக்க டயமாக்ஸ் மாத்திரை எடுத்துக்கொள்ளச் சிலர் சொல்கிறார்கள், ரத்த அழுத்த மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடலாமா?

*

மருந்தகத்தம்மா:

நான் டேராடூனில் மருத்துவராக இருக்கிறேன். மலையேறப் போகும் பெரியவர்கள் நிறைய பேர் வருவார்கள் என்பதால் சொல்கிறேன்.

டயமாக்ஸை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது சிக்கல் தரலாம், சிறுநீரை அதிகமாக்கும், ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரை எது என்பதையும் பார்க்க வேண்டும். அம்பாசமுத்திரத்தில் அப்பா வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம், "3,978 மீட்டர் வரை போய் அன்றே இறங்குகிறோம், தூங்குவது 2,000 மீட்டரில்" என்று இந்த இரண்டு எண்ணையும் சொல்லிக் கேளுங்கள். ரயில் ஏறுவதற்கு முன்பே ஒரு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. இதயத்தில் அடைப்போ, நெஞ்சு வலியோ இருந்த வரலாறு உண்டென்றால் ரோதாங் வேண்டாம், சுரங்கம் தாண்டி சிஸ்ஸுவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சாரதி சொன்ன திட்டம் மருத்துவப்படியும் சரி. உயர நோய் பெரும்பாலும் மேலே போய்ச் சில மணி நேரம் தங்கியபின், அதிலும் இரவு அங்கேயே தூங்கும்போதுதான் வருகிறது. உயரத்தில் பார்த்துவிட்டுத் தாழ்வில் தூங்குவது பாதுகாப்பான வழி. மேலே ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்காதீர்கள். மாத்திரையை எந்த நாளும் விடக் கூடாது. குளிரும் உயரமும் சேர்ந்து ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றும், அதனால் வீட்டில் இருக்கும் பி.பி. கருவியைக் கையோடு எடுத்துப் போங்கள். மேலே போகும் அன்று காலை பார்த்துவிட்டு, வழக்கத்தைவிட அதிகமாக இருந்தால் அப்பா அன்று மணாலியிலேயே இருக்கட்டும்.

"ஒண்ணுமில்ல" என்கிறவரைப் பேசவிட்டுப் பாருங்கள். வயல் விஷயம் ஏதாவது கேளுங்கள். ஒரு முழு வாக்கியத்தை மூச்சு விடாமல் சொல்லி முடிக்கிறாரா? உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறதா? நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொன்னால் தள்ளாடுகிறாரா? பேச்சு குழறுகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் அடுத்த நிமிடம் வண்டியைத் திருப்புங்கள். வளைவுகளில் வரும் குமட்டல் வேறு. அது வண்டியை நிறுத்திக் காற்று வாங்கினால் போய்விடும். நிறுத்திய பின்னும் தலைவலியும் குமட்டலும் இருந்துகொண்டே இருந்தால் அது உயரத்தால் வருவது. சின்னவனையும் இப்படியே பாருங்கள். ஐந்து வயதுக் குழந்தைக்குத் தலை வலிக்கிறது என்று சரியாகச் சொல்லத் தெரியாமல் போகலாம். விளையாடாமல், சாப்பிடாமல், சோர்ந்து மடியில் படுத்தால் அதுதான் அறிகுறி.

*

யமுனைக்கரை:

ஒரு சின்ன விஷயம் நானும் சேர்க்கிறேன். வண்டியில் சிப்ஸ், பிஸ்கட் பாக்கெட் வைத்திருந்தால் மேலே போகப் போகப் பலூன் மாதிரி ஊதிவிடும். வெளியே காற்றழுத்தம் குறைவதால் உள்ளே இருக்கும் காற்று விரிகிறது. உங்கள் மகளுக்கு 11 வயது, மணாலியில் ஒரு பாக்கெட்டைப் படம் எடுத்துவைத்து, மேலே போய்த் திரும்பவும் எடுக்கச் சொல்லுங்கள். தண்ணீர் பாட்டிலில் இதே விளையாட்டு இறங்கும்போது தலைகீழாக நடக்கும். மேலே இறுக்கி மூடிய காலி பாட்டில் கீழே வரும்போது நசுங்கியிருக்கும். என் பிள்ளைகள் பனியைவிட இதைத்தான் வகுப்பில் போய்ச் சொன்னார்கள்.

*

நெல்லைப்பெண்:

டாக்டர் அம்மாவுக்கும் அண்ணன்களுக்கும் மிகவும் நன்றி. ஈ.சி.ஜி.க்கு அப்பாவை நாளைக்கே தம்பி கூட்டிப்போகிறான்.

இப்படித் திட்டம் போட்டிருக்கிறோம். சனிக்கிழமை விடியற்காலை கிளம்பி இரவு சுந்தர்நகர். ஞாயிறு மதியம் மணாலி. திங்கள் கோயில், வெந்நீர் ஊற்று. செவ்வாய் ரோதாங் இல்லை என்பதால் சுரங்கம் வழியாக சிஸ்ஸு போய் மதியத்துக்குள் திரும்பிவிடுவது. புதன் டாக்ஸியில் ரோதாங். வியாழன் கையில் ஒரு நாள் மிச்சம், புதன் வானிலை கெட்டால் அன்று போகலாம். வெள்ளி இறங்க ஆரம்பித்து மண்டியில் தங்கி சனிக்கிழமை வீடு. சரியாக இருக்கிறதா அண்ணா?

அம்மா இன்னொன்று கேட்கிறாள். அப்பாவுக்கு ரொட்டி ஒத்துக்கொள்ளாது, மூன்று வேளையும் சோறு வேண்டும். அடுப்பும் அரிசியும் எடுத்து வரலாமா என்கிறாள்.

*

மலைப்பாதை சாரதி:

திட்டம் அருமை தங்கச்சி. செவ்வாயன்று 3,100 மீட்டருக்குப் போய் வருவதால் அப்பாவின் உடம்பு எப்படி இருக்கிறது என்று புதனுக்கு முன்பே தெரிந்துவிடும். அன்றைக்கு சிஸ்ஸுவில் அவருக்கு மூச்சு வாங்கினால் ரோதாங்கை யோசிக்கவே வேண்டாம். ஒன்றே ஒன்று, ரோதாங் மூடியிருப்பதால் செவ்வாயன்று எல்லா வண்டியும் சுரங்கத்துக்குத்தான் போகும். ஏழு மணிக்குள் சுரங்கம் தாண்டிவிடுங்கள். உள்ளே வண்டியை நிறுத்திப் படம் எடுக்கக் கூடாது, அபராதம் போடுவார்கள். சிஸ்ஸு ஏரிக்கு எதிரே மலையிலிருந்து அருவி விழுவது ரோட்டிலிருந்தே தெரியும். அம்மாவை அங்கே உட்காரவைத்துவிட்டுக் குழந்தைகளோடு சுற்றுங்கள்.

மே கடைசிக்கு டயர் சங்கிலி எல்லாம் வேண்டாம், யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். கிளம்பும் முன் டயர், பிரேக் பேட், கூலண்ட் மூன்றையும் பாருங்கள். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சோறு விஷயம். ஹோட்டல் அறையில் அடுப்பு பற்றவைக்க விடமாட்டார்கள். சமையலறையோடு வாடகைக்கு விடும் வீடுகள் பழைய மணாலியிலும் வசிஷ்டிலும் கிடைக்கும். அப்படி ஒன்றைப் பிடியுங்கள். அரிசி எடுத்து வாருங்கள், கூடவே குக்கரும் எடுத்து வாருங்கள். மணாலி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பானையில் வைத்தால் சோறு வேகத் தாமதமாகும். பருப்பு வேக இன்னும் நேரம் பிடிக்கும். குக்கரில் வழக்கத்தைவிட ஒரு விசில் கூட வைக்கச் சொல்லுங்கள். புதன்கிழமைக்குப் புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள், தயிர்சாதம் வேண்டாம், அந்தக் குளிரில் வாயில் வைக்க முடியாது. ஃபிளாஸ்க்கில் சுக்குக் காப்பி இருக்கட்டும். இஞ்சி மொரப்பா ஒரு பொட்டலம் ஊரிலிருந்தே வாங்கி வரச் சொல்லுங்கள், வளைவுகளில் வாயில் அடக்கிக்கொண்டால் குமட்டாது.

பெர்மிட்டுக்கு வண்டி எண் வேண்டும் என்பதால் டாக்ஸியை ஞாயிறு மாலையே பேசி முடித்துவிடுங்கள். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் இங்கேயே எழுதுங்கள், ரோடு நிலவரம் விசாரித்துச் சொல்கிறேன். கம்பூட் எடுக்கும்போது அம்மாவுக்கு ஒரு அளவு பெரிதாக எடுங்கள், உள்ளே இரண்டு ஜோடி சாக்ஸ் போட இடம் வேண்டும்.